அவசரத்துக்கு ஊசி வேண்டாம்

அக்டோபர் 4

அன்புத் தம்பிக்கு,

ஒருவழியாக இந்தப் பனிமலை மேலே வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் மூச்சு வாங்கியது, முழங்கால் இரண்டும் ஒரு பாட்டம் அழுதன, இப்போது பரவாயில்லை. நீங்கள் இருவரும் சுகம்தானே? உன் மனைவி டீச்சருக்குத் தொண்டை சரியாயிற்றா? வகுப்பில் கத்துவதைக் குறைத்துக்கொள்ளச் சொல். உன்மேல் கத்த மிச்சம் வேண்டாமா?

வானிலை நிலையம் என்று பேர்தான் பெரிது. இரண்டு அறை, ஒரு வயர்லெஸ் பெட்டி, நான், குறட்டை விடும் ஒரு மெக்கானிக். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மழைமானி, காற்றழுத்தமானி, தெர்மாமீட்டர் எல்லாம் பார்த்து, எண்களைக் கீழே தலைமை ஆபீசுக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். எண்கள் மட்டும். சொந்தச் சமாசாரம் ஒரு வார்த்தை பேசினாலும் மெமோ. செல்போனுக்கு டவர் கிடையாது, கைக்கடிகாரத்துக்குப் பதிலாக வைத்திருக்கிறேன். சாமான் வண்டி இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வரும், ஒரு மணி நேரம் நிற்கும், போய்விடும். கடிதம் வருவதும் போவதும் அதில்தான்.

இனி முக்கியமான விஷயம். என் செல்லம் அவசரத்துக்குக் காலையில் கீரை, நடுவில் ஒரு வெண்டைக்காய், வாரத்துக்கு ஒருநாள் பூசணித் துண்டு. தட்டில் வைத்ததும் வரமாட்டாள். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் சாப்பிடுவாள். குளிர் ஏறினால் கொஞ்சம் மந்தமாவாள், தட்டைத் தொடமாட்டாள். பயப்படாதே, சூட்டு விளக்கைக் கூட்டி வை. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வைத்திருப்பவன் மாட்டு டாக்டர் என்பதால்தான் இங்கே எனக்குத் தூக்கம் வருகிறது.

வாசல் கதவைச் சாத்தி வை.

அக்கா

அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு சந்தோஷம். முழங்காலுக்கு நான் தந்த தைலத்தைப் போடுகிறாயா, இல்லை பெட்டியிலேயே தூங்குகிறதா? நாங்கள் சுகம். டீச்சரின் தொண்டை சரியாகிவிட்டது, அது எனக்கு நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று போகப் போகத் தெரியும்.

உன் செல்லம் ஜோராக இருக்கிறது. துணி துவைக்கும் அறையை எடுத்துக்கொண்டுவிட்டது. வாஷிங் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் நாங்கள் துணி துவைக்கக் கூடாது என்று அர்த்தம். நேற்று என் செருப்பின் மேல் ஏறி நின்று அரைமணி நேரம் யோசித்தது. ஆமைக்கு அவசரம் என்று பேர் வைத்த உன்னை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

கதவைச் சாத்தி வை என்று எழுதியிருக்கிறாய். சாத்தாமல் இருப்பேனா? இதன் ஜோடி நிதானம் அன்றைக்குத் திறந்த கதவு வழியாகப் போனது போனதுதானே. உலகத்திலேயே வீட்டை விட்டு ஓடிப்போன ஆமையை வளர்த்தவள் நீ ஒருத்திதான். இன்றுவரை கிளினிக்கில் சொல்லிச் சிரிக்கிறேன்.

கிளினிக்கில் கூட்டம். இந்த வாரம் நான்கு பிரசவம், எல்லாம் கன்றும் தாயும் நலம். என் கைதான் தோளோடு கழன்றுவிட்டது.

தம்பி

நவம்பர் 10

அன்புள்ள அக்கா,

முதல் தேதி நீ எழுதியது கிடைத்தது. மேலே இவ்வளவு காற்றா? காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கேயும் குளிர் இறங்கிவிட்டது. நான் நலம், டீச்சர் நலம்.

அவசரம் பத்து நாளாகச் சாப்பிடவில்லை. கீரையைப் பார்ப்பதுகூட இல்லை. குளிரில் மந்தமாகும் என்று நீ எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறது. ஆனால் மந்தம் வேறு, நோய் வேறு. நேற்று அதன் கழிவை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பூச்சி நிறைய இருக்கிறது. பதறும் அளவுக்கு இது பெரிய விஷயமில்லை, மாட்டுக்கும் ஆட்டுக்கும் தினம் பார்க்கிற சங்கதிதான். ஒரு ஊசியில் முடிந்துவிடும். வருகிற ஞாயிறு, பதினாறாம் தேதி, கிளினிக் லீவு. எடை பார்த்து நிதானமாகப் போட்டுவிடுகிறேன்.

சும்மா விளக்கைக் கூட்டி வை என்று எழுதாதே. டாக்டர் நானா நீயா? நீ வருவதற்குள் தட்டோடு சேர்த்துச் சாப்பிடும்.

தம்பி

நவம்பர் 15

தம்பி,

வண்டி வந்து நிற்கிறது, டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் எழுதுகிறேன். சுகமா என்று கேட்கக்கூட நேரமில்லை.

ஊசி போடாதே. பூச்சி இருந்தால் இருக்கட்டும். மாட்டு மருந்து எதுவும் வேண்டாம். நாளைக்குத்தான் போடுவதாக எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும். அதனால் மூன்று மணி ரீடிங் சொல்லும்போது வயர்லெஸ்ஸில் உனக்கும் ஒரு வரி சேர்த்துச் சொல்லப்போகிறேன். உன் கிளினிக் நம்பரைக் கொடுத்து, போன் பண்ணிச் சொல்லச் சொல்வேன். மெக்கானிக், "மேடம், மெமோ வரும்"ங்கிறார். வரட்டும்.

அவளை வெதுவெதுப்பான இடத்தில் வை. வேறொன்றும் செய்யாதே. நீ ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இப்போது வைத்தியம்.

அக்கா

நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். டீச்சருக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, பேசுவதே குறைந்துவிட்டது.

உன் வயர்லெஸ் சேதி வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் ஆபீசிலிருந்து போன். ஆபரேட்டர் சனிக்கிழமையே எழுதி மேலதிகாரியிடம் நீட்டினாராம். "அவசரத்துக்கு ஊசி போட வேண்டாம்." அதைப் படித்துவிட்டு அவர், "அவசரம் இல்லைன்னு அவங்களே சொல்றாங்களே, திங்கட்கிழமை பாத்துக்கலாம்"னு சொல்லிவிட்டாராம். ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நீ கவலைப்படாதே. அவசரம் ஓய்வில் இருக்கிறது. வெதுவெதுப்பாகத்தான் வைத்திருக்கிறேன். நான் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறேன்.

கிளினிக்கில் ஆள் காத்திருக்கிறார்கள். விவரமாக அப்புறம் எழுதுகிறேன்.

தம்பி

நவம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் இதுவரை உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியதில்லை. இதை அவருக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊசி போட்டுவிட்டார், அண்ணி. மாட்டுக்குப் போடும் அதே பூச்சி மருந்து, ஐவர்மெக்டின் என்று பேர். எடைக்குத் தகுந்தாற்போல் குறைத்துத்தான் போட்டார். திங்கட்கிழமை எனக்குப் பள்ளி லீவு, வீட்டை ஒட்டிய கிளினிக்கில் போன் வந்தபோது அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அவசரத்தின் தலை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் உள்ளே இழுக்கவில்லை. மறுநாள் நான்கு காலும் துணி மாதிரி ஆகிவிட்டன.

மிருகக்காட்சிசாலை டாக்டர் ஒருவரைப் பிடித்துப் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "ஆமைக்கு அந்த மருந்தைப் போடவே கூடாது சார். ஓட்டுக்குள்ள இருக்கிற ஜீவன் வேற மாதிரி. மூளை வரைக்கும் போயிடும், தசையெல்லாம் செத்துப்போன மாதிரி ஆயிடும்"னு சொன்னார். "மாத்து மருந்து?" "இல்லை. மூச்சு விட வைங்க. சூடா வைங்க. காத்திருங்க. ஒண்ணு ரெண்டு பிழைச்சிருக்கு." பூச்சியைப் பற்றிக் கேட்டதற்கு, "எல்லா ஆமை வயித்திலயும் கொஞ்சம் இருக்கும் சார், அது பாட்டுக்கு இருக்கும்"னு சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து இவர்தான் அதற்கு மூச்சு. முன்கால் இரண்டையும் பிடித்து வெளியே இழுப்பார், உள்ளே தள்ளுவார். இழுத்தால் காற்று உள்ளே போகுமாம், தள்ளினால் வெளியே வருமாம். கிளினிக்கை மூட முடியாது, மாடுகள் காத்திருக்குமா? அதனால் பழப்பெட்டியில் துண்டு விரித்து ஜீப்பின் முன் சீட்டில் வைத்துக் கூடவே கொண்டுபோகிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்டுகிறார். பண்ணைகளில் இவர் மாட்டைப் பார்க்கும்போது மாட்டுக்காரர்கள் பெட்டியருகே உட்கார்ந்து கால்களை இழுத்துவிடுகிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. நானும் தாள் திருத்திக்கொண்டே ஒரு கையால் செய்கிறேன்.

சாப்பிடச் சொன்னால், "அதுவும் சாப்பிடலையே"ங்கிறார். உங்களுக்கு எழுதுங்கள் என்றேன். எழுதினேன் என்றார். என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இது.

அவரைத் திட்டாதீர்கள் அண்ணி.

உங்கள் தம்பி மனைவி

நவம்பர் 29

அன்புத் தம்பிக்கு,

டீச்சரைக் கோபிக்காதே. எழுதிவிட்டாள். நல்லவேளை எழுதினாள்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு. நீ விழுந்தால் அவளுக்கு யார் மூச்சு? ஒரு வாரம் ஓட்டியிருக்கிறாய் என்று கணக்குப் போட்டேன், நீ இதைப் படிக்கும்போது பதினைந்து நாள் ஆகியிருக்கும். ஒருவேளை தலையை இழுத்துக்கொள்ள ஆரம்பித்திருப்பாள். அவள் பிடிவாதக்காரி. உன் விரலைப் பதம் பார்த்தால் சந்தோஷப்படு.

உன்மேல் தப்பில்லை. இதை நான் சமாதானத்துக்காக எழுதவில்லை. உண்மையாகவே உன்மேல் தப்பில்லை.

இங்கே நிற்கிறேன், பக்கத்திலேயே வயர்லெஸ் பெட்டி. தட்டினால் ஆபீசில் கேட்கும், உனக்குக் கேட்காது. மெமோ வந்துவிட்டது. இனி ஒரு வார்த்தை அதிகம் பேசினால் கீழே இறக்கிவிடுவார்களாம். இறக்கினால் வீட்டுக்கு வரலாமே என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் பாதை பனியில் மூடிக்கிடக்கிறது, சாமான் வண்டி வருவதே பெரும்பாடு, ஆளை ஏற்றமாட்டார்களாம். நேற்று மைனஸ் நான்கு டிகிரி, காற்று வடமேற்கு. இதைத்தான் சொல்ல முடிந்தது.

விளக்கு அவள் முதுகுக்கு நேராக இருக்கட்டும்.

அக்கா

டிசம்பர் 7

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், அதற்கு மேல் நலம் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதம் வரும்போது அவசரம் இல்லை.

எந்த நாள் போனது என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. இருபது வருடமாக ஒரு ஜீவன் போய்விட்டதா இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லித்தான் வயிற்றைக் கழுவுகிறேன். மாடு என்றால் கண்ணைத் தொட்டதும் தெரியும். இதன் ஓட்டுமேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் என் காதுச் சத்தம்தான் எனக்குக் கேட்டது. மிருகக்காட்சிசாலை டாக்டரைக் கேட்டேன். "ஆமைக்கு அவ்வளவு சுலபமாச் சொல்லிட முடியாது சார். இதயம் ரொம்ப மெதுவா அடிக்கும். விடாதீங்க"ன்னார். விடவில்லை. இருபத்தேழாம் தேதி மத்தியானம் ஒரு பண்ணையில், கன்றுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்தபோது, பெட்டியருகே உட்கார்ந்திருந்த கிழவர் கால்களை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார். "டாக்டரே, வாசனை வருது." அப்படித்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் எத்தனை நாள் நான் ஒரு பிணத்துக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தேனோ.

கொல்லையில் உன் செம்பருத்திக்குப் பக்கத்தில் புதைத்தோம். டீச்சர் அழுதாள். நான் மண் தள்ளினேன்.

போன கடிதத்தில் ஓய்வில் இருக்கிறது என்று எழுதினேனே, அது பொய். அதுவும் நன்றாகத் தெரிந்தே எழுதிய பொய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஊசிக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதற்கு ஒரு வியாதியும் இல்லை, அக்கா. குளிரில் மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். நீ எழுதியிருந்தாய். நான் டாக்டர் நானா நீயா என்று கேட்டேன்.

ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. என் காலேஜ் புத்தகம் எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கினேன். ஆமைக்கு மொத்தம் அரைப்பக்கம். அதில் இந்த மருந்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் என்ன மருந்து என்று உனக்கு எழுதவும் இல்லை, ஊசி என்று மட்டும்தான் எழுதினேன். நீ மெமோவுக்குப் பயப்படாமல் வயர்லெஸ்ஸில் கத்தியிருக்கிறாய். எனக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்? நீ படிப்பது மழைமானி ஒன்றுதானே.

தம்பி

டிசம்பர் 21

அக்காவுக்கு,

பதிமூன்றாம் தேதி வண்டி இறங்கி வந்தது. உன் கடிதம் இல்லை. உங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். ரீடிங் எல்லாம் நேரத்துக்கு வருகிறதாம், ஒன்றுகூடத் தவறவில்லையாம். அப்படியானால் நீ நலம்.

கேட்டதற்குப் பதில் சொல்லு. எங்கேயோ படித்தேன் என்று மட்டும் எழுதாதே.

தம்பி

டிசம்பர் 27

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. போன வண்டியில் கடிதம் எழுதினேன், டிரைவர் கையில் கொடுக்கும்போது திரும்ப வாங்கிக்கொண்டேன். இதைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறேன்.

நிதானம் ஓடிப்போகவில்லை.

நீ மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாய். நிதானம் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை. உன் ஹாஸ்டலுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நீ அப்போதுதான் பூச்சி மருந்துப் பாடம் முடித்திருந்தாய். "மாட்டுக்குப் போடற ஊசியே போதும்க்கா, அளவை மட்டும் குறைச்சுக்கச் சொல்லு. உசுருன்னா எல்லாம் ஒண்ணுதானே"ன்னாய். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். முதல் தடவையாக ஒருத்தி உன்னிடம் வைத்தியம் கேட்டிருக்கிறாள். தெருக்கோடி கம்பவுண்டரைக் கூட்டிவந்து போட்டேன். நான்கு நாள் கிடந்தது. டீச்சர் எழுதியிருந்தாளே, துணி மாதிரி என்று. அதேதான்.

அதே வாரம்தான் நீ ஒரு பரீட்சையில் தோற்றாய். படிப்பு வேண்டாம், கடையில் வேலைக்குச் சேர்கிறேன் என்று பெட்டியோடு வந்து நின்றாய். ஞாபகம் இருக்கிறதா? நீ, "எங்கேக்கா நிதானம்?" என்று கேட்டாய். அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் உன்னைத் திருப்பி அனுப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை. கதவு திறந்திருந்தது, போய்விட்டது என்றேன். நீ சிரித்துவிட்டாய். பெட்டியோடு திரும்பிப் போனாய்.

அப்புறம் டாக்டர் ஆனாய். இனி சொல்லலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். நீ அந்த ஓடிப்போன ஆமைக் கதையை நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பாய், வாய் வராது. இந்த அக்டோபரில் அவளை உன்னிடம் விட்டபோதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி போதும். கீரையும் வெண்டைக்காயும் எழுதத் தெரிந்த எனக்கு அந்த ஒரு வரி எழுத வரவில்லை.

உன்மேல் தப்பில்லை என்று எழுதியது இதனால்தான். தப்பு தெரிந்தவள்மேல்தானே.

அக்கா

பிப்ரவரி 1

அக்காவுக்கு,

டீச்சர் உன் முழங்காலை விசாரிக்கச் சொன்னாள். நாங்கள் இருக்கிறோம்.

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்தபிறகு, ஜனவரியில் வந்த இரண்டையும் பிரிக்காமல் மருந்து அலமாரியில் போட்டுவிட்டேன். நேற்றுதான் பிரித்தேன். இரண்டிலும் பனி எத்தனை அங்குலம், காற்று எந்தத் திசை என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

கிளினிக்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அந்த மருந்து இன்னும் அதே அலமாரித் தட்டில்தான் இருக்கிறது. அதை எறிய முடியாது. போன வாரம் ஒரு கன்றுக்குட்டிக்கு அதையே போட்டேன், மூன்றாம் நாள் துள்ளுகிறது. மாட்டுக்கு நல்ல மருந்து அக்கா அது. போடுவதற்கு முன் சீசாவின் பேரை மூன்று தடவை படித்ததை மாட்டுக்காரர் பார்த்துவிட்டு, "டாக்டருக்கும் வயசாகுது"ன்னார்.

எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லாருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். இரண்டு ஆமையையும் சேர்த்து. ஐந்து பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர், தானும் போட்டிருப்பதாகவும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும் எழுதியிருந்தார்.

முந்தாநாள் ஒரு தையல்காரர் கூடையில் ஆமையோடு வந்தார். இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லையாம். தொட்டுப் பார்த்தேன், தலையை இழுத்துக்கொண்டது. எனக்கு ஆமை வைத்தியம் தெரியாது என்று சொன்னேன். இருபது வருடத்தில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. சூடாக வையுங்கள், ஊசி எதுவும் வேண்டாம், யாராவது போடுகிறேன் என்றால் இந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்று மருந்தின் பேரை எழுதி, இது கூடாது என்று கொடுத்தேன். மிருகக்காட்சிசாலை டாக்டரின் நம்பரையும் கொடுத்தேன். அவருக்குத் திருப்தியில்லை. "டாக்டர்னா ஏதாவது பண்ணுவீங்கன்னுதானே வந்தேன்"னார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார், யாரிடம் காட்டினார், காட்டினாரா, ஒன்றும் தெரியாது. விலாசம் வாங்க மறந்துவிட்டேன். நேற்று இரண்டு தெருவில் இருக்கிற தையல் கடையெல்லாம் ஏறி இறங்கினேன். அவர் இல்லை.

அன்றைக்கு நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் படிப்பை விட்டிருப்பேன். அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கு இத்தனை மாட்டைப் பிழைக்க வைத்திருக்கமாட்டேன். அதுவும் தெரிகிறது. எல்லாம் தெரிந்தும், உன்மேல் கோபமில்லை என்று எழுத மூன்று தாளை வீணாக்கினேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. அது எப்போது போகும் என்று சொல்ல நான் யார்? எதையும் பார்த்துச் சொல்லும் தைரியம் இப்போது எனக்கில்லை.

மார்ச் இருபத்தொன்று உன் டூட்டி முடிகிறது. பஸ் வந்து சேர எவ்வளவு நேரமானாலும் நிலையத்தில் நிற்பேன். பேச்சு வராவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பேன். நீ பின்னாலேயே வா.

தம்பி